மூன்றாம் தண்ணீர்

என் வீட்டுக்காரர் பொய் சொல்லமாட்டார். நான் இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பொய் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் இருபது குடும்பம் தப்பித்திருக்கும். அந்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

அவர் பெயர் தனசிங். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், மேற்குத் தாம்பரத்தில் பூகோள வாத்தியார். நான் பியூலா. லைனுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். சேலையூரில் வாடகை வீடு. மற்ற ஆண்களுக்குச் சீட்டு, சினிமா என்று ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும். இவருக்கு மேப். அதுவும் கடையில் விற்கிற மேப் இல்லை, வெள்ளைக்காரன் காலத்தில் ஊர் ஊராக நடந்து அளந்து அச்சடித்த டோபோ ஷீட். மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் தாம்பரம் வட்டாரத்து ஷீட்டைக் கண்டெடுத்தார். பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் வந்து இறங்கினார். 1912-ல் அளந்தது. ஏரி நீலத்தில் இருக்கும், தோப்பு பச்சையில் இருக்கும், குடிசையோ வீடோ இருந்தால் சிவப்பில் ஒரு புள்ளி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மேப்பில் இருந்தது இப்போது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பொழிச்சலூர் பக்கம் ஒரு கல்கிணற்றைத் தேடிப்போய், அந்த இடத்தில் ஒருவர் கக்கூஸ் தொட்டி கட்டியிருப்பதைப் பார்த்து, அந்த வீட்டுக்காரரையே கூப்பிட்டு, உங்கள் கக்கூஸ் 1912-லேயே மேப்பில் இருக்கிறது சார் என்று சந்தோஷமாகச் சொன்னார். அன்றைக்கு அடி வாங்காமல் வீடு வந்து சேர்ந்தது என் ஜெபத்தால்தான்.

ஷீட்டை வெளியே கொண்டுபோகமாட்டார். மடிப்பெல்லாம் விட்டுப்போய்த் துணி ஒட்டி வைத்திருந்தது. ட்ரேசிங் பேப்பரை மேலே வைத்து வரைந்து, அதைத்தான் எடுத்துக்கொண்டு போவார். வரைவதிலும் ஒரு வாத்தியார் புத்தி. கோடும் புள்ளியும் மட்டும்தான் வரைவார், ஒரு எழுத்து எழுதமாட்டார். பரீட்சையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வெற்று மேப் மாதிரி இருக்கும். எழுத்து இருந்தால் கண் எழுத்தைத்தான் படிக்கும், நிலத்தைப் பார்க்காது என்பார். பிறகு என்னை உட்காரவைத்து, இது எந்த ஏரி, இது எந்த ஊர் என்று கேள்வி கேட்பார். தெரியாது என்றால் மார்க் குறைப்பார். கட்டின பெண்டாட்டிக்கு மார்க் போட்ட மனுஷன் தாம்பரத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் முனியம்மா. மாடம்பாக்கத்துக்கு அப்பால், ஒரு சித்தேரிக்கரையில் பனைமேடு என்று இருபது குடிசை உண்டு. அங்கிருந்து வருவாள். நல்ல வாய். நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள், ஆனால் பாத்திரத்தில் ஒரு பிசுக்கு இருக்காது. இவர் தரையில் குப்புறப் படுத்து வரைவதைப் பார்த்து, சாருக்கு இன்னா வேண்டுதலா என்று கேட்பாள்.

அந்தப் பனைமேட்டைச் சுற்றி இருந்த நிலமெல்லாம் சம்பந்தத்துடையது. அப்பா காலம்வரை நெல் போட்ட குடும்பம். சம்பந்தம் காலத்தில் நெல்லுக்குப் பதில் கல் நட்டார்கள், மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல். மனை போட்டாயிற்று, ரோடு வெளியே வரவேண்டிய இடத்தில் பனைமேடு உட்கார்ந்திருந்தது. சம்பந்தம் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வெள்ளைச் சட்டை, புல்லட் வண்டி, எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். இவங்களை எங்கப்பாதான் செங்கல் சூளை வேலைக்குக் கூட்டிவந்து குந்தவைத்தார், அதற்கு முன்னால் இங்கே ஈ காக்கா கிடையாது என்று தாலுகா ஆபீசில் மனு போட்டார். அதே கையோடு பனைமேட்டுக்குப் போய், வேங்கைவாசல் பக்கம் கல்குவாரி ஓரத்தில் ஆளுக்கு ஒரு மனை எழுதித் தருகிறேன், நல்லபடியாகப் போய்விடுங்கள் என்றும் சொன்னார். அது வெறும் பாறை. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்த இடம். பாதிப்பேர் போய்விடலாம் என்று இருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று கேட்கத்தான் முனியம்மா அன்றைக்கு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு இவர் முன்னால் வந்து நின்றாள்.

இவர் ட்ரேசிங் பேப்பரைத் தரையில் விரித்தார். சித்தேரியைக் காட்டினார். அதன் கரையில் ஏழு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. பனைமேடு அப்போதே இருந்திருக்கிறது, சம்பந்தத்தின் அப்பா அன்றைக்குப் பிறந்தே இருக்கமாட்டார் என்று விளக்கினார். முனியம்மா குந்தி உட்கார்ந்து, ஒரு விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டாள்.

"இதுல எங்க வூடு எது சார்?"

அதை மேப்பை வைத்துச் சொல்ல முடியாது என்றார் இவர். உள்ளதைத்தானே சொல்வார். அவளே ஏரிக்கரையிலிருந்து எண்ணி, மூன்றாவது புள்ளி எங்களுது, என் மாமியாருக்கு மாமியார் அதில்தான் குடித்தனம் பண்ணினாள் என்று முடிவு செய்துகொண்டாள். மறுநாள் பனைமேடே எங்கள் முன்ரூமில் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் அவரவர் புள்ளியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஏழு புள்ளிக்கு இருபது குடும்பம் சண்டை போட்டார்கள். வீட்டில் இருந்த காபிப்பொடி அத்தனையும் தீர்ந்தது, அன்றைக்கு எனக்கு அது வருத்தமாகவே இல்லை. என் புருஷனுடைய கிறுக்கு ஒரு தடவையாவது நாலு பேருக்குப் பிரயோஜனமாயிற்றே என்று ஸ்தோத்திரம் பண்ணினேன்.

குவாரி மனை வேண்டாம் என்று சம்பந்தத்திடம் சொல்லிவிட்டார்கள். சரிக்கா, அப்ப விசாரணையிலேயே பாத்துக்கலாம் என்று சிரித்துக்கொண்டே போனாராம்.

விசாரணை தை மாதம் வந்தது. பனைமேட்டு ஆட்கள் பதில் மனுவோடு கொடுத்திருந்த ட்ரேசிங் கையால் வரைந்தது, செல்லாது, அச்சடித்த ஷீட்டைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் நான் இவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் பெட்டியைத் திறந்து ஷீட்டை விரித்தார். குனிந்தவர் நிமிரவில்லை. என்னவென்று போய்ப் பார்த்தேன். ஏழு புள்ளிக்கும் பக்கத்தில், எறும்பை விடச் சின்னதாக, சாய்வெழுத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. டெசர்டட். ஆளெல்லாம் விட்டுப்போன இடம் என்று அர்த்தம்.

எத்தனை வருஷம் அந்தப் புள்ளிகளை வரைந்திருப்பார். எழுத்தை மட்டும் விட்டுவிட்டு வரைந்திருக்கிறார். எழுத்து இருந்தால் நிலம் தெரியாதாமே. எனக்கு வந்த கோபத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டேன், காலர் கருகிப்போயிற்று.

ஷீட்டைக் கொண்டுபோகாதீர்கள் என்றேன். தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள், செல்லரித்துவிட்டது என்று சொல்லுங்கள், இது உங்களைத் தவிர யார் கையிலும் இல்லை. அது பொய் என்றார். வாயைத் திறக்காமலாவது இருங்கள் என்றேன். மறைப்பதும் பொய்தான் பியூலா என்றார். நான் விடவில்லை. ராகாப் வேவுகாரரை மெத்தையில் சணல்தட்டைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, வந்து கேட்டவர்களிடம் வாய் கூசாமல் பொய் சொன்னாள், கர்த்தர் அவள் வீட்டை இடிக்காமல் காப்பாற்றினார், வேதத்திலேயே இருக்கிறது என்றேன். அது வேறு சந்தர்ப்பம் என்றார். வேறு சட்டையை எடுத்துத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆபீசர் இளவயது, கண்ணாடி போட்டவர், மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஷீட்டை மேஜையில் விரித்துப் பக்கத்தில் குனிந்து அந்த வார்த்தையைச் சத்தமாகவே படித்தார். சம்பந்தத்துக்கு முதலில் விளங்கவில்லை. அவருடைய வக்கீல் காதில் சொன்னதும் உதட்டைத் துடைத்துக்கொண்டார். ஆளில்லை என்று போட்டிருக்கிறதே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சார் என்று ஆபீசர் இவரைக் கேட்டார். அளந்த அன்றைக்கு ஆளில்லை என்றுதான் அர்த்தம் என்று இவர் ஒத்துக்கொண்டார். பனைமேட்டு ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

விஷயத்தைத் தமிழில் சொன்னதும் முனியம்மா எழுந்துவிட்டாள்.

"அது காலி இல்ல சார். அம்மா வந்திருப்பா. எங்க பனைமேட்ல மூணு வூட்ல அம்மை முத்து போட்டுச்சின்னா, ஊரை அம்மாகிட்ட வுட்டுட்டு ஏரிக்கு அந்தாண்ட தோப்புக்குப் பூடுவோம். நோவுல கீறவங்களையும் தூக்கிகினு பூடுவோம். ஒரு துணிமணி எடுக்கமாட்டோம். கதவை சாத்தக்கூடாது, வெளக்கு ஏத்தக்கூடாது. அம்மாவுக்கு வூட்டுக்கு ஒரு பானை கூழு மட்டும் வெச்சி, வேப்பலை மூடிட்டு வந்துருவோம். மூணாந்தண்ணி ஊத்தினாத்தான் திரும்புறது. அதுக்கு முன்ன எவனாச்சும் தாண்டி வந்தா, நோவுல கீற உசுரை அம்மா எடுத்துகினு பூடுவா. வெள்ளக்காரன் அந்த நேரத்துல வந்து பாத்திருப்பான்."

ஆபீசர் அதை எழுதிக்கொண்டார். எழுதுகிறாரே என்று முனியம்மாவுக்குச் சந்தோஷம், இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். ஊர்க்காரர்களுக்குப் பனைமேட்டு வழக்கம் எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவசியம் வந்ததில்லை. அது நடந்தே பல வருஷம் ஆகிறது, முனியம்மா புதுப்பெண்ணாக வந்தபோது ஒரு தடவை ஊரே தோப்புக்குப் போனதாம். சம்பந்தம் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்பதுபோல் கேட்டார்.

"அப்படியா முனிம்மா? பக்கத்துலயே கீறோம், எனக்குத் தெரியாம பூட்டுச்சே. இது எந்த மாசத்துல வரும்?"

சித்திரை வெயிலில்தான் பெரும்பாலும் வரும் என்று அவளும் சொன்னாள்.

முழுத்தீர்ப்பு பிறகு சொல்வதாக ஆபீசர் சொல்லிவிட்டார். அதுவரை குடியிருக்கிறவர்களை யாரும் எழுப்பக்கூடாது, ஆளில்லாத குடிசை இருந்தால் மட்டும் ரோட்டுக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். எங்களுக்குக் காதில் விழுந்ததெல்லாம் எழுப்பக்கூடாது என்பதுதான். முனியம்மா மறுநாள் ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொண்டுவந்து, சாருக்கு என்று சொல்லிக் கொடுத்தாள். உண்மை தோற்றுப்போகாது, பார்த்தாயா என்று இவர் நார் உரித்தபடி என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சித்திரையில் பனைமேட்டில் அம்மை போட்டது. முதலில் ஒரு வீடு, பிறகு பக்கத்து வீடு, மூன்றாவதாக முனியம்மாவின் பேத்திக்கு. ஒன்றரை வயசுக் குழந்தை, மாரி என்று பெயர். அம்மை வீட்டு ஆள் அடுத்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்பதால் அவள் வேலைக்கு வரவில்லை. ஊரை விட்டுட்டுத் தோப்புக்குப் போகிறோம், மூன்றாம் தண்ணீர் ஊற்றினதும் வருகிறேன், பாத்திரத்தைச் சேர்த்து வைக்காதீங்க என்று சொல்லியனுப்பினாள்.

சனிக்கிழமை காலையில் சம்பந்தம் எங்கள் வாசலில் புல்லட்டை நிறுத்தினார். உள்ளே வந்து உட்கார்ந்து என் கையால் காபி குடித்தார். மனையில் குழி தோண்டும்போது பழைய கல் ஒன்று கிடைத்திருக்கிறது, மேலே அம்பு மாதிரி ஏதோ செதுக்கியிருக்கிறது, மேப்பில் இருக்கிறதா என்று சார் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாக்கில் தேன் தடவின மாதிரி ஆகிவிட்டது. சட்டையை மாட்டினார், ட்ரேசிங் பேப்பரைச் சுருட்டினார், குடையை எடுத்தார், புல்லட்டில் பின்னால் ஏறிவிட்டார். எதிரியின் வண்டியில் ஏறுகிறோமே என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? கல் என்றதும் புத்தி கல்லாகிவிட்டது. எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் ஆகியும் சாப்பிட வரவில்லை. பால்காரர் ஜெயவேலு வந்தவர், பனைமேட்டில் புல்டோசர் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் சாரும் அங்கேதான் நிற்கிறார் என்றார். அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஞாபகமில்லை. ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஓலையும் மண்சுவரும் குவியலாகக் கிடந்தன. புல்டோசரின் இஞ்சின் இன்னும் சூடு ஆறவில்லை. சாய்த்துப் போட்ட பனைமரங்கள் மட்டையோடு ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. கொஞ்சம் தள்ளி, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக இவர் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தச் சுருள்.

என்ன நடந்தது என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னார், ஒன்றையும் விடவில்லை. கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் பனைமேட்டில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர், போட்டோ எடுக்க ஒரு ஆள் எல்லாம் தயாராக இருந்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரராக இல்லாத ஒரு மரியாதைப்பட்ட சாட்சி வேண்டுமாம். சார் பொய் சொல்லமாட்டார், அதை விசாரணையிலேயே எல்லோரும் பார்த்தோம், அதனால் சாரே பார்த்துச் சொல்லட்டும் என்றாராம் சம்பந்தம். இவரும் இருபது குடிசையிலும் நுழைந்து, யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறார். யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் தோப்பில் இருக்கிறார்கள், அது அவர்கள் வழக்கம் என்றும் சொல்லியிருக்கிறார். அதையும் எழுதிக்கொள்கிறோம் சார் என்று சொல்லிவிட்டு, ஒரே வரி எழுதி நீட்டியிருக்கிறார்கள். பார்வையிட்டபோது குடிசைகளில் ஆட்கள் யாரும் இல்லை.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"அதுல எழுதியிருந்தது உண்மை, பியூலா. உண்மையா இருக்கிற வரிக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அதற்குப் பிறகுதான் ஒரு புளியமரத்துக்குப் பின்னாலிருந்து புல்டோசர் வந்ததாம். விட்டுவிட்டு வர மனசு வரவில்லை, அதனால் கடைசிவரை நின்றேன் என்றார். அந்தக் குடையைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடித்திருக்க வேண்டும். ஆபீஸ் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக அடிக்கவில்லை.

ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. அந்தப் பக்கம் தோப்பு ஓரத்தில், கரை நெடுக வரிசையாக ஆட்கள் நிற்பது தெரிந்தது. ஒருவரும் அசையவில்லை. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கி நடந்தேன்.

முனியம்மா தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நின்றாள். குழந்தையின் முதுகெல்லாம் கொப்புளம், வேப்பிலைக் கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தண்ணீர்தான் ஊற்றியிருந்தார்கள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை. அவளுடைய மகன் சிட்டிபாபு தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் அவனும் இன்னும் நாலைந்து ஆண்களும் ஓடக் கிளம்பினார்களாம். நோய் கண்டவர்கள் ஐந்து பேர் தோப்பில் படுத்திருக்கிறார்கள், தாண்டினால் அம்மா எடுத்துக்கொள்வாள் என்று பெண்கள் குறுக்கே விழுந்து மறித்திருக்கிறார்கள். தன் மகன் இடுப்பைத் தானே கட்டிப்பிடித்துக்கொண்டதாக முனியம்மா சொன்னாள். அழுகை இல்லை. அடுத்ததைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"சிட்டிபாபு திமிறிகினு ஓடத்தான் பாத்தான் டீச்சரம்மா. அப்பத்தான் சாரைப் பாத்தோம். வெள்ளச் சட்டை, கொடை, இங்கிருந்தே தெரிஞ்சுது. சாரு கீறாரு, நமக்காவ பேசுவாரு, நீ போவாதடான்னு நான்தான் புடிச்சி குந்த வெச்சேன்."

 குழந்தை இருமியது. இந்தப் பெண்ணிடம் போய் உண்மையை எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. சார் எவ்வளவோ மறித்துப் பார்த்தார் முனியம்மா, வண்டிக்கு முன்னால் போய் நின்றார், அவர்கள் கேட்கவில்லை, கையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னேன். கோர்வையாக வந்தது. நானே ஆச்சரியப்பட்டேன்.

முனியம்மா வேப்பிலைக் கொத்தோடு கையை எடுத்துக் கும்பிட்டாள். சாருக்கு அடி கிடி பட்டுச்சா என்று கேட்டாள்.

புதன்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றி, தலை குளித்து, நெற்றியில் மஞ்சளோடு வந்திருந்தாள். குழந்தை தேறிவிட்டது, வண்டலூர் பக்கம் ரயில்வே ஓரத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம், குவாரி மனையாவது கொடுங்கள் என்று கேட்டதற்குச் சம்பந்தம் அதை வேறு ஆளுக்கு விற்றாயிற்று என்று சொல்லிவிட்டார் என்றாள். அதைப் பேச அவள் வரவில்லை. நேராக இவர் முன்னால் போய் நின்றாள். எங்களுக்காக வண்டிக்கு முன்னால் நின்னீங்களாமே சார், உங்க கால்ல வுழணும் என்று குனிந்தாள்.

நான் அடுக்களை வாசலில் நின்று இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், கண்ணைக் காட்டினேன், கையைக்கூடக் கூப்பிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனிடம் நான் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

"வேண்டாம் முனியம்மா," என்றார் இவர். "நான் அப்படி நிக்கலை. உள்ள யாரும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

அவள் பாதிக் குனிந்தபடியே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவரைவிட என்னைத்தான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்குள்ளயும் போயி பாத்தீங்களா சார்? ஏரிக்கரைலேர்ந்து மூணாவது."

"பாத்தேன்."

"கூழுப்பானை இருந்துச்சா?"

"இருந்துச்சு. எல்லா வீட்லயும் இருந்துச்சு. வேப்பிலை போட்டு மூடியிருந்துச்சு."

"அதை ஏன் சார் எழுதல?"

அவர்கள் அதைக் கேட்கவில்லை என்றார் இவர். அதுவும் உண்மைதான்.

 முனியம்மா தொட்டி நிறைய நான் சேர்த்து வைத்திருந்த பாத்திரங்களை ஒரு பார்வை பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அப்புறம் அவள் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

பனைமேடு இருந்த இடத்தில் ரோடு வந்து, வீடுகளும் வந்துவிட்டன. அந்த ரோட்டு முனையில் சம்பந்தம் சின்னதாக ஒரு அம்மன் கோவில்கூடக் கட்டியிருக்கிறார், ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள். இவர் ரிடையர் ஆன பிறகும் மேப்பை விடவில்லை, இப்போது எழுத்தையும் சேர்த்து வரைகிறார். இத்தனை வருஷத்தில் அடுத்தவர் மனசுக்காக நான் சொன்னது அந்த ஒரே பொய்தான். அதைக்கூட ஒரு வாரம் நிற்கவிடவில்லை, பாவி மனுஷன்.